ஆளுக்கு ஒரு பதில்

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பாராட்டினார்கள். டீச்சரிடம் படித்தவர்கள் எந்தெந்த ஊரில் என்னென்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பட்டியல் வாசித்தார்கள். நானும் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு கேட்டேன். என்னிடம் முதன்முதலில் படித்தவர்கள் ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, அதில் ஒருத்தி என்னைப் பெற்றவள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஆறு பேரையும் நான் பரீட்சைக்கு அனுப்பிய லட்சணம் தெரிந்திருந்தால், போட்ட மாலையை அப்போதே கழற்றி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் குடியிருப்பு உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. முப்பது வீடுகள். பாதி வீட்டில் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், பாதி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள். திங்கட்கிழமை விடிந்தால் எல்லா வீட்டுக்காரர்களும் இறங்குவது ஒரே பண்ணைக்காரரின் சேற்றில்தான்.

சர்ச் என்றதும் கோபுரத்தையும் மணியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாட்டு ஓடு போட்ட நீளமான ஒரே அறை. வாரத்தில் ஐந்து நாள் அது பள்ளிக்கூடம். ஞாயிறு காலையில் கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் தேவாலயம். வெள்ளிக்கிழமை பெஞ்சுமேல் ஏறி நின்று அடி வாங்கிய இடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை மண்டியிட்டு ஜெபம் பண்ணுவோம்.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். அந்த ஞாயிறுதான் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் முன்னால் போய்விட முடியாது. ஞானஸ்நானம் பெற்றிருந்தால் மட்டும் போதாது. வினாவிடைப் புத்தகத்திலிருந்து ஐயர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். பிறகு பேராயர் வந்து தலைமேல் கை வைத்துத் திடப்படுத்துவார். பேராயர் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை.

அம்மா பழையசீவரத்துப் பெண். மலைக்கோயில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், திருவிருந்து ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நைனா முன்னால் போய் வாங்கிக்கொண்டு வருவார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அம்மா அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வாயில போட்டா எப்பிடி கீது அது?"

நைனா வெகுநேரம் யோசித்தார். "சப்புனு கீது" என்றார்.

அம்மா நம்பவில்லை. தனக்குச் சொல்லக் கூடாத ரகசியம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் பரீட்சைக்குப் போனவள்தான். 'விசுவாசம் என்றால் என்ன?' என்று ஐயர் கேட்டதும் வாய் பூட்டிக்கொண்டது. ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை, "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்றார். அதே நாளில் என் அத்தையும், அதாவது நைனாவின் அக்காவும், தோற்றுப்போனாள். ஆனால் அத்தைக்கு அன்று காய்ச்சல் இருந்ததாகவும், அம்மாவுக்கு ஒன்றும் இல்லாமலே தோற்றதாகவும் வீட்டில் முடிவாகிவிட்டது. அத்தை அம்மாவைப் 'புதுசு' என்றுதான் சொல்லுவாள். "நான் பொறந்ததே சபையில. அவ புதுசு, அவளுக்கு இன்னா தெரியும்?" என்பாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பானைகூடப் பழசாகிவிடும், அம்மா மட்டும் ஆகவில்லை.

இந்தத் தடவை பேராயர் வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "இதான் கடசி. இதுலயும் வாயத் தெறக்கலேன்னா நான் கதவாண்டயே குந்திக்கினு போறேன். இனிமே கேக்க மாட்டேன். நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் இருபத்திரண்டு கேள்விகள். எனக்கு அத்தனையும் தலைகீழாகத் தெரியும். அம்மாவுக்கு, நாள் முழுக்கக் களை பறித்துவிட்டு வந்து அடுப்பை ஊதும்போது, இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் முதலாவது கரைந்துவிடும். நான்கு நாள் முயன்று பார்த்தேன். பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

முந்தின வாரம் ஆண்களுக்குப் பரீட்சை நடந்தது. நான் பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐயர் புத்தகத்தைப் பிரித்தார், முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார், சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவரிலிருந்து வரிசையாக ஆளுக்கு ஒரு கேள்வி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்படியானால் இந்தத் தடவை அம்மாவோடு பரீட்சைக்குப் போகிற பெண்கள் ஆறு பேருக்கும் முதல் ஆறு கேள்விகள். யார் எங்கே உட்காருவது என்று நாமே முடிவு செய்துவிட்டால், ஆளுக்கு ஒரு பதில் போதுமே!

இதைச் சொன்னதும் ஆறு பேரும் என்னை ஒரு பெரிய மனுஷியாகப் பார்த்தார்கள். அத்தைகூடக் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். பெரியம்மாவுக்கு 'விசுவாசம்', மற்ற மூன்று அக்காமார்களுக்குப் 'பாவம்', 'மனந்திரும்புதல்', 'கிருபை', அம்மாவுக்கு ஐந்தாவதான 'சபை', அத்தைக்கு ஆறாவதான 'ஜெபம்' என்று பங்கு போட்டுக்கொடுத்தேன். கிருபை கிடைத்த அக்கா தனக்குப் பாவம் வேண்டும், அதில் சொல் குறைவாக இருக்கிறது என்று சண்டை போட்டாள். முடியாது என்றுவிட்டேன்.

அம்மாவின் பதில் இதுதான்: 'சபை என்பது விசுவாசிகளாகிய அனைவரும் கூடிய ஐக்கியம்.' தினமும் சொல்ல வைத்தேன். அவள் அரிசி களையும்போது சொல்லுவாள். உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். அதைப் போடும்போதும் சொல்லுவாள். ஒருநாள் கலயத்தை மூடிவிட்டுக் கேட்டாள்.

"சபைன்னா இன்னாடி? நாம ஞாயித்துக்கெளம போறமே, அதுவா?"

எனக்குத் தெரியாது என்று சொல்வது வாத்தியாருக்கு அழகா? உத்திரமேரூர்க் கோயில் சுவரில், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊர்ச்சபை எப்படிக் கூடியது என்று கல்லில் வெட்டி வைத்திருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் யாரும் அந்தச் சுவர்ப்பக்கம் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் பாடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "யார் உக்காரலாம், யார் உக்காரக் கூடாதுன்னு பாத்து உக்கார வெப்பாங்க. அதான் சபை" என்றேன்.

"அப்ப ஐக்கியம்னா?"

"அதெல்லாம் ஐயர் கேக்க மாட்டாரு. நீ பதில மட்டும் சொல்லு."

அம்மா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

பரீட்சை ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பண்ணை மேஸ்திரியிடம் கெஞ்சி அரை நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மழை விடாமல் பெய்தது. அறையில் இருந்த ஒரே ஈச்சம்பாயை விரித்து, பெரியம்மாவைச் சுவர்ப்பக்கத்தில் உட்கார வைத்து, ஆறு பேரையும் நானே வரிசைப்படுத்தினேன். "யாரும் எடத்த வுட்டு நகரக் கூடாது" என்று அம்மாவிடம் தனியாக இரண்டு தடவை சொன்னேன். பிறகு ஸ்லேட்டோடு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்லேட்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள். சரியாகச் சொன்னால் ஒரு கோடு, தப்பினால் முட்டை. ஐயர் ஒரு பக்கம் மதிப்பெண் போட்டால் நான் ஒரு பக்கம் போட வேண்டாமா?

ஐயர் ஜெபம் பண்ணி முடித்துப் புத்தகத்தைப் பிரிக்கும்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நடுத்தர வயது. தாலி இல்லாத கழுத்து. தலையில் போட்டிருந்த கோணி நனைந்து, சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயரே, நான் முக்கூடலாண்ட இருந்து வரேன். எங்கூர்ல சர்ச் இல்ல. இன்னிக்கு இங்க கேள்வி கேப்பாங்கன்னு சொன்னாங்க."

"காலையிலேர்ந்து நடந்தா வர்றீங்க? உள்ள வாங்கம்மா, உக்காருங்க" என்றார் ஐயர்.

அவள் உள்ளே வந்தாள். பாயை நனைத்துவிடுவோமோ என்று பாய்க்குப் பின்னால் வெறுந்தரையில், அம்மாவுக்கு முதுகுப்பக்கமாகக் குந்தினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தரையில் உட்கார்ந்தவள் வரிசையில் சேர மாட்டாள். அப்போதுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அங்க ஏன் குந்தினே? தர சில்லுனு கீது. இப்பிடி வா" என்று சொல்லி, அத்தைப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து, தனக்கும் கிருபை அக்காவுக்கும் நடுவில் அவளை இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

நான் பின்னாலிருந்து கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். அம்மா பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நான்கு பேரும் கடகடவென்று ஒப்பித்தார்கள். நான்கு கோடுகள் போட்டேன். ஐந்தாவது ஆள் முக்கூடல் பெண்.

"சபை என்றால் என்ன?" என்று கேட்டார் ஐயர்.

அம்மாவின் கேள்வி. ஒரு மாசமாக அரிசியோடு சேர்த்துக் களைந்த கேள்வி. அந்தப் பெண் விழித்தாள். கைகளைப் பிசைந்தாள். "எங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்ல ஐயரே..." என்று ஆரம்பித்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, அவள் காதோரம் உதட்டை அசைப்பதை நான் பார்த்தேன்.

"விசுவாசிகளாகிய" என்றாள் அந்தப் பெண். நிறுத்தினாள். "அனைவரும்" என்றாள். மறுபடி நிறுத்தி, "கூடிய ஐக்கியம்" என்று முடித்தாள்.

ஐயர் அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினார். அம்மாவிடம் இருந்ததே ஒரு பதில்தான். அதையும் யாரோ ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்லேட்டில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே, குச்சி உடைகிற மாதிரி அழுத்தி, ஒரு முட்டை போட்டேன்.

"ஜெபம் என்றால் என்ன?"

அம்மாவின் வாய் போன தடவை மாதிரியே பூட்டிக்கொண்டது. அந்தப் பதில் அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அத்தையிடம் இருந்தது. அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் இருந்தது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் அவளுக்கு ஏழாவது கேள்வி வரும். ஏழாவது யாருக்கும் தெரியாது. புதுசு தோற்று, பழசு ஜெயிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அத்தைக்கு வாய்க்காது.

அத்தைக்கு ஆயுசில் கிசுகிசுக்கத் தெரியாது. கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"தேவனாண்ட மனசத் தெறந்து பேசறதுன்னு சொல்லேன் புள்ள! இன்னாத்துக்கு முழிக்கிறே?"

"தேவனிடத்தில் மனசைத் திறந்து பேசுவது" என்றாள் அம்மா.

ஐயர் முகத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தார். அத்தையைப் பார்த்து ஏழாவது கேள்வியைக் கேட்டார்.

"திருவிருந்து என்றால் என்ன?"

"அது எங்களுக்கு சொல்லிக் குடுக்கல ஐயரே" என்றாள் அத்தை. "எங்களுக்கு ஆறுதான்."

"யார் சொல்லிக் குடுக்கல?"

ஆறு தலைகள் என் பக்கம் திரும்பின. ஸ்லேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஐயர் கையை நீட்டினார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது.

"ஆறு பேர்தான் இருக்கு. ஏழாவது அம்மா எங்க?"

"அவங்க வரிசையில இல்லீங்க ஐயரே. நடுவுல வந்துட்டாங்க" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அம்மா எழுந்து நின்றாள். ஐயர் முன்னால் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. "நான்தான் ஐயரே நவுந்து எடம் குடுத்தேன். பதிலும் நான்தான் சொன்னேன். கொயந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. தப்புன்னா என் பேர எடுத்துடுங்க. அவங்க பேர எடுக்காதீங்க, அம்மாந்தூரம் நனஞ்சிக்கினு வந்துகீறாங்க."

"அவ பேர எடுத்தா என் பேரயும் எடுத்துடுங்க" என்றாள் அத்தை. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தையே எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியில் துடைத்தார். துடைக்கத் தேவையான அளவுக்கு மேலேயே துடைத்தார். பிறகு நோட்டை எடுத்து, ஒவ்வொருவராகப் பேர் கேட்டு, ஏழு பேரையும் எழுதினார். அத்தையிடம், "உங்க கேள்விக்குப் பதில, திருவிருந்து வாங்கின பிறகு வந்து சொல்லுங்க" என்றார். ஸ்லேட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "மத்த பதினஞ்சையும் எப்போ சொல்லித் தரப் போறே?" என்று கேட்டார். அவ்வளவுதான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆறு பதிலுக்கு ஏழு பேரை எழுதிவிட்டார், ஐயருக்கு எண்ணத் தெரியவில்லை, தப்பித்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அம்மாவோடு சண்டை. "அது உன் பதிலு! நீ ஏன் குடுத்தே? அவங்க யாரு உனக்கு?"

"யாருக்குத் தெரியும்? பேருகூட நான் கேக்கல, ஐயர் கேட்டப்பதான் காதுல வியிந்துச்சு."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"அவளுக்குத் தெரியலியேடி. இன்னா பண்றது?" என்றாள். அதற்குமேல் அவளிடம் காரணம் எதுவும் இல்லை. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

மீதிப் பதினைந்தையும் அவர்கள் படித்தது களை பறிக்கிற வரிசையில். சாயங்காலம் நான் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால், மறுநாள் அவள் வயலில் எல்லாருக்கும் சொல்லுவாள். பக்கத்தில் குனிந்திருந்த, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பெண்களுக்கும் பாடமாகிவிட்டது. பேராயர் வந்த அன்று ஏழு பேரும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். முக்கூடல் பெண் முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். அத்தைதான் அவளுக்குத் தன் நல்ல சேலையைக் கொடுத்தாள். அம்மா அவளுக்கும் அத்தைக்கும் நடுவில் மண்டியிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நைனாவைப் பார்த்து, "நெஜமாவே சப்புனுதான் கீது" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பின்னாளில் என் வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொடுத்த எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். நிற்க வைத்த ஒவ்வொரு தடவையும் அந்த ஈச்சம்பாய் ஞாபகம் வந்து, சீக்கிரமே உட்காரச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நல்லது செய்தவர்கள் என்று எண்ணினால், அந்த மழை நாளில் அந்த அறையில் இருந்த எல்லாரும் வருவார்கள். ஐயருக்கு ஒருமுறை கடிதம் எழுத நினைத்தேன், தள்ளிப் போட்டேன். அத்தையிடம் நேரில் சொன்னேன், "எந்த மழ? எந்த ஐயரு?" என்று கேட்டாள். அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொல்லத் தெரிந்த வயது வந்தபோது அவள் இல்லை.

அந்த ஸ்லேட்டில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே அம்மாவுக்கு நான் போட்ட முட்டை திங்கட்கிழமை காலைவரை அப்படியே இருந்தது. வாத்தியார் கணக்குச் சொல்ல ஆரம்பித்ததும் எச்சில் தொட்டுத் துடைத்தேன். அதை வேறாக மாற்றிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் இருந்த இருபத்திரண்டு கேள்விகளுக்கும் எனக்குப் பதில் தெரியும். அதில் எத்தனைக்கு அன்று அம்மா நகர்ந்து இடம் கொடுத்தே பதில் சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை.